ஒழுகிய முற்றம்: சிகாகோவில் ஒரு பல்கலைக்கழகம் தன் நடு வளாகத்தை இடித்த கதை

சிகாகோ நகர ரயிலின் நீலத் தடத்தில் யூஐசி-ஹால்ஸ்டெட் என்று ஒரு நிலையம். விரைவுச்சாலையின் நட்டநடுவில், இரண்டு பக்கமும் கார்கள் சீறிக்கொண்டு போக, பள்ளத்தில் கிடக்கிறது அதன் நடைமேடை. பியோரியா தெரு வாசல் வழியாக மேலே ஏறினால் தெற்கே இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகம். 1965 தொடங்கி முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக, இந்த வாசலில் வெளியே வந்த மாணவர் தரையை மிதிக்காமலே வகுப்புப் பக்கம் போய்ச் சேரலாம். மாடி உயரத்துக்குக் காங்கிரீட் தூண்கள், தூண்கள் மேல் பெரிய பெரிய கிரானைட் பலகைகள், அதுதான் பாதை. அது கொண்டுபோய் விடும் இடம் வளாகத்தின் நடு முற்றம். அந்த முற்றமும் தரையில் இல்லை. விரிவுரை அரங்குகளின் கூரைமேல் இருந்தது. முற்றம் என்று பெயர் வைத்துக்கொண்டாலும், கட்டடக் கணக்கில் அது ஒரு மொட்டை மாடி.

1990களின் முற்பாதியில் பல்கலைக்கழகம் அதை இடித்துத் தள்ளியது, பாதைகளையும் சேர்த்து. அசிங்கமான காங்கிரீட்டை ஒழித்துவிட்டுப் புல்லும் மரமும் வைத்தார்கள், நல்ல காரியம் என்பது ஒரு தரப்பு. ஒரு பெரிய கட்டடக்கலைஞரின் முழுமையான வடிவத்தின் குலையையே பிடுங்கிவிட்டார்கள் என்பது இன்னொரு தரப்பு. இரண்டு பேரும் அழகைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது தண்ணீரும், மாலையானால் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிற மாணவர்களும்தான்.

ஏரியிலிருந்து ஊருக்குள்

இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு அமெரிக்க அரசு படிப்புச் செலவு கொடுத்தது. அர்பானாவில் இருந்த தாய்ப் பல்கலைக்கழகத்தில் அத்தனை பேருக்கும் இடமில்லை. அதனால் 1946இல், மிச்சிகன் ஏரிக்குள் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளும் நேவி பியர் என்ற துறைமுக மேடையில் இரண்டு வருடப் படிப்பைத் தொடங்கினார்கள். குச்சி மாதிரி நீண்ட கட்டடம். ஒரு கோடியில் வகுப்பு முடிந்து மறு கோடியில் அடுத்த வகுப்பு என்றால் ஓட்டம்தான். பட்டத்தை முடிக்க வேண்டுமானால் மூன்றாம் வருடம் 200 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே இருக்கும் அர்பானாவுக்குப் பெட்டி கட்ட வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படித்த நகரத்துப் பிள்ளைகளுக்கு அது நடக்கிற காரியமில்லை. சிகாகோவுக்குள்ளேயே முழுப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை அப்படித்தான் வலுத்தது.

இடம் தேடி வருடங்கள் ஓடின. மேற்கே கார்ஃபீல்ட் பூங்காவைக் கேட்டார்கள். நகர மையத்துக்குத் தெற்கே இருந்த ரயில் யார்டுகளைக் கேட்டார்கள். ஒன்றும் கைக்கு வரவில்லை. கடைசியில் மேயர் ரிச்சர்ட் ஜே. டேலி 1961இல் ஹாரிசன், ஹால்ஸ்டெட் தெருக்கள் சந்திக்கும் பகுதியைக் கொடுத்தார். அங்கே இத்தாலியர்களும் கிரேக்கர்களும் மெக்சிகோக்காரர்களும் தலைமுறைகளாகக் குடியிருந்தார்கள். அதில் ஒரு பகுதியை நகர மறுசீரமைப்புத் திட்டத்தின் கீழ் வாங்கிச் சுத்தம் செய்தபோது, புது வீடுகள் வரும் என்றுதான் மக்களிடம் சொல்லியிருந்தார்கள். வந்தது பல்கலைக்கழகம். ஃப்ளாரன்ஸ் ஸ்காலா என்ற பெண்மணி தலைமையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் மேயர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார்கள், வழக்குப் போட்டார்கள். 1963இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்ததோடு சட்ட வழியும் அடைபட்டது.

ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் 1889இல் தொடங்கிய ஹல் ஹவுஸ் இங்கேதான் இருந்தது. புலம்பெயர்ந்து வந்த ஏழைகளுக்கு மழலையர் பள்ளி, மாலை வகுப்பு, உடற்பயிற்சிக் கூடம் என்று வளர்ந்து பதின்மூன்று கட்டடங்களாகப் பெருகிய நிறுவனம். ஆடம்ஸுக்கு 1931இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. வளாகத்துக்காக அதில் பழைய வீட்டையும் சாப்பாட்டுக் கூடத்தையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதை இடித்தார்கள். கிரேக்கர்களின் குடியிருப்பு, முன்பே விரைவுச்சாலை ஒரு பக்கம் கடித்தது போக, மிச்சமும் போய் ஹால்ஸ்டெட் தெருவிலேயே வடக்கே தள்ளி ஒதுங்கியது. அந்த மண்ணில் எழுந்த புது வளாகத்தின் நடு முற்றத்துக்கு வடிவமைப்பாளர் சொன்ன முன்மாதிரி பழைய கிரேக்க நகரங்களின் சந்தைத் திடலான அகோரா. உயிருள்ள கிரேக்கர்களைக் கிளப்பிவிட்டு அவர்களுடைய பாட்டன்மாரின் திடலைக் கல்லில் கட்டியிருக்கிறார்கள்.

குளத்தில் எறிந்த கல்

வடிவமைத்தவர் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் நிறுவனத்தின் வால்டர் நெட்ஷ். கொலராடோவில் அமெரிக்க விமானப்படைக் கழகத்தின் தேவாலயத்தால் ஏற்கெனவே பெயர் வாங்கியவர். இங்கே அவர் எடுத்துக்கொண்ட உருவகம் குளத்தில் விழுந்த கல். நடுவில் கூட்டம் அதிகம். அலை வெளியே போகப் போக நெரிசல் குறையும். எல்லாத் துறை மாணவர்களும் வந்துபோகும் விரிவுரை அரங்குகள் மையத்தில். அடுத்த வளையத்தில் நூலகம், மாணவர் மன்றம், சிறிய வகுப்பறைகள். அதற்கு அப்பால் ஆய்வகங்கள். ஓரத்தில் கார் நிறுத்தம், விளையாட்டு மைதானம்.

இதில் ஒரு துணிச்சல் இருக்கிறது. துறைக்கு ஒரு கட்டடம் என்று அவர் பிரிக்கவில்லை, வேலைக்கு ஒரு கட்டடம் என்று பிரித்தார். மாணவர்கள் மணிக்கு மணி இடம் மாறுவார்கள். அவர்களை லிஃப்ட் வாசலில் நிற்க வைக்கக்கூடாது என்று வகுப்பறைகளைத் தாழ்வாகக் கட்டினார். ஆசிரியர்கள் ஒரு தடவை மேலே போனால் நெடுநேரம் அங்கேயே இருப்பார்கள், ஆகவே அவர்களுடைய அறைகளை 28 மாடிக் கோபுரத்தில் அடுக்கினார். யுனிவர்சிட்டி ஹால் என்ற அந்தக் கோபுரம் மேலே போகப் போக அகலமாகிறது. முதல் முறை பார்ப்பவருக்குத் தலைகீழாக நட்டுவிட்டார்களோ என்று தோன்றும்.

மாணவர்கள் எல்லாரும் ரயிலிலும் காரிலும் வந்துபோகிறவர்கள். விடுதியே கிடையாது. வளாகத்துக்கு வைத்த பெயர்கூடச் சாலைச் சந்திப்பின் பெயர்தான்: பக்கத்திலிருந்த விரைவுச்சாலை வட்டத்தை வைத்து, சிகாகோ சர்க்கிள். நெட்ஷ் அந்தக் கார்ச்சாலைத் தர்க்கத்தையே நடைக்கும் கொடுத்தார். மேலே உள்ள பாதைகளை அவர் பாதசாரிகளின் விரைவுச்சாலை என்றுதான் கருதினார். அதில் வேகமாகப் போகலாம். கீழே அதே பாதையின் நிழலில் மழைக்கு ஒதுங்கியும் போகலாம். எல்லாப் பாதையும் போய்ச் சேரும் விரிவுரை அரங்குகளின் கூரையில் பரந்த முற்றம், அதன் நடுவே படிப்படியாகக் கீழே இறங்கும் திறந்தவெளி அரங்கம், முற்றத்தில் இன்னும் நான்கு வட்டமான கல்லிருக்கைத் திட்டுகள். மாணவர்கள் உட்கார்ந்து விவாதிப்பார்கள், நாடகம் போடுவார்கள், காதலிப்பார்கள் என்பது எண்ணம். 1965 பிப்ரவரியில் வளாகம் திறந்தது. பிப்ரவரியில் சிகாகோவில் கல்லிருக்கையில் யார் உட்காருவார்கள் என்று அன்றைக்கே யாராவது கேட்டிருக்கலாம்.

தண்ணீர் கண்ட வழி

மொட்டை மாடி ஒழுகினால் நமக்கு என்ன செய்வதென்று தெரியும். மேலே ஏறி எங்கே தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்போம், விரிசலைத் தேடுவோம், பழைய தளத்தைக் கொத்தியெடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவோம். அந்த மாடிமேல் கனத்த கல் பரப்பி, கல்லிருக்கை கட்டி, நடுவில் ஒரு பெரிய குழியையும் வெட்டி வைத்திருந்தால்? கசிவு எங்கே என்று தேடவே கல்லைப் பெயர்க்க வேண்டும். உள்ளே ஒழுகும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்றும் இல்லை. தண்ணீர் காங்கிரீட்டுக்கும் நீர்த்தடுப்புப் படலத்துக்கும் இடையில் புகுந்தால் சரிவு போகிற பக்கம் வெகுதூரம் போய், வேறெங்கோ இறங்கும்.

சிகாகோவின் குளிர் இதை இன்னும் மோசமாக்கியது. அங்கே குளிர்காலம் முழுக்க ஒரே உறைநிலை என்றாலாவது பரவாயில்லை. பகலில் கொஞ்சம் உருகும், ராத்திரி மறுபடி உறையும். நீர் உறையும்போது அதன் கன அளவு 9 சதவீதம் பெருகுகிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இணைப்பில் ஒரு சொட்டு புகுந்தால், ஒவ்வொரு ராத்திரியும் அது ஒரு சின்ன ஆப்பு. வசந்தம் வருவதற்குள் அந்த ஆப்பைப் பல தடவை அடித்தாகிவிடும்.

அப்புறம் உப்பு. வழுக்காமல் இருக்கப் பனிமேல் உப்புத் தூவுவார்கள். உருகிய உப்புத்தண்ணீர் காங்கிரீட்டுக்குள் இறங்கினால் அதிலுள்ள குளோரைடு கம்பியைச் சுற்றியிருக்கும் பாதுகாப்புப் பூச்சைக் கரைத்துவிடுகிறது. கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே இடம் கேட்கும். இடம் கிடைக்காதபோது காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளும். முதலில் பழுப்புக் கறை, பிறகு மெல்லிய விரிசல், பிறகு அடிப்பக்கத்தில் பொருக்குப் பொருக்காகப் பெயரும். கடற்கரை ஊர்களில் வீடு கட்டியவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். தரையில் போட்ட பாதையில் இது நடந்தால் யாருக்கும் பெரிய சேதமில்லை. தலைக்குமேல் நடந்தால் கீழே போகிறவர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும்.

இரண்டு அடுக்குப் பாதைக்கு இரண்டு மடங்கு பராமரிப்பு. பனியை மேலேயும் வழிக்க வேண்டும், கீழேயும் வழிக்க வேண்டும். மேலே வழித்ததை விளிம்பிலிருந்து தள்ளிவிடலாம் என்றால் கீழே ஆள் நடக்கிறார்கள். திறந்து பத்து, பதினைந்து வருடத்துக்குள்ளேயே இந்தக் கணக்கு உதைக்க ஆரம்பித்துவிட்டது. கட்டடம் கட்ட ஒரே தடவையாகப் பணம் கொடுக்கிற அரசுகள், வருடா வருடம் இணைப்புகளை அடைக்கக் காசு கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பழுது பார்க்காமல் விட்டது தானாக மோசமாகிறது. மோசமான பிறகு பழுது பார்ப்பதைவிட இடிப்பது மலிவு என்று கணக்கு வருகிறது. கணக்குத் தப்பில்லை, ஆனால் அதற்கு முந்தைய வருடங்களில் செலவழிக்காத காசும் அந்தக் கணக்கின் ஒரு பக்கம்தான்.

யாருக்காக அந்த முற்றம்?

இணைப்புகளை எல்லாம் ஒழுங்காக அடைத்திருந்தால் முற்றம் பிழைத்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

அகோரா உயிரோடிருந்தது அங்கே வியாபாரம் நடந்ததால். சுற்றிலும் வீடுகள் இருந்ததால். சிகாகோ முற்றத்தின் மேலே கடை இல்லை, குடியிருப்பு இல்லை. காலை வகுப்புக்கு வந்து, மதியம் வேலைக்கு ஓடுகிற மாணவனுக்கு அது கடந்துபோகும் இடம். மாலையானால் நகரம் முழுக்கச் சிதறிப்போய்விடுவார்கள். பனிக்காலத்தில் ஏரிக்காற்று கூரைமேல் தடுக்க ஆளில்லாமல் வீசும், கோடையில் கல்லும் காங்கிரீட்டும் கொதிக்கும். சிகாகோவின் படிப்பு வருடம் பெரும்பாலும் குளிரில் கழிகிறது. முற்றத்தில் உட்காரத் தோதான நல்ல வெயில் வருவதற்குள் பரீட்சை முடிந்து கோடை விடுமுறை வந்துவிடும்.

மேலே இப்படி என்றால் கீழே இருட்டு. பாதைகளின் அடியில் தூண்களுக்கு நடுவே நடப்பது பாலத்துக்கு அடியில் நடப்பது மாதிரி. இருட்டியபிறகு தனியாகப் போகத் தயங்கும் இடம். கலவரம் வந்தால் மாணவர்களை அடக்க வசதியாகத்தான் இப்படிக் கட்டினார்கள் என்றொரு வதந்தி வளாகத்தில் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்க வளாகங்களில் பெரிய கலவரங்கள் வெடிக்கும் முன்பே வரைபடம் முடிந்துவிட்டதால் அது பொய். ஆனால் அப்படி ஒரு பொய் அத்தனை சுலபமாக ஒட்டிக்கொண்டது என்றால், அந்த இடம் மாணவர்களிடம் எப்படிப் பேசியது என்று தெரிகிறது.

இதே காலத்தில் இங்கிலாந்தின் நாரிச் நகரில் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்துக்கும் டெனிஸ் லாஸ்டன் உயர்நடைபாதைகள் போட்டார். அவை இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அங்கே பாதையின் ஒரு முனையில் மாணவர்கள் குடியிருக்கும் விடுதி, மறு முனையில் வகுப்பு. சனிக்கிழமையும் ஆள் நடமாட்டம் உண்டு. குளிரும் சிகாகோ அளவுக்குக் கடிப்பதில்லை.

எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள்

1982இல் சர்க்கிள் வளாகமும் அருகே இருந்த மருத்துவ வளாகமும் ஒரே பல்கலைக்கழகமாக இணைந்தன. யூஐசி என்ற பெயர் அப்போது வந்ததுதான். 1980களின் பிற்பகுதியில் சர்க்கிள் பக்கத்திலும் மாணவர் விடுதிகள் எழுந்தன. இரவிலும் ஆள் இருக்கும் வளாகமாக அது மாறத் தொடங்கியபோதுதான் நடுவில் கிடக்கும் பாலைவனம் கண்ணை உறுத்தியது. 1990இல் மாற்றுத்திறனாளிகளுக்கான கூட்டரசுச் சட்டம் வந்தது. ஏறி இறங்கியே பிழைத்த வளாகத்துக்கு அது இன்னொரு தலைவலி.

மறுவடிவமைப்பைக் கையிலெடுத்தவர் சிகாகோ கட்டடக்கலைஞர் டேனியல் காஃபி. அவர் செய்ததில் முக்கால்வாசி கழித்தல். கூரைமேல் இருந்த முற்றத்தையும் திறந்தவெளி அரங்கத்தையும் எடுத்தார். மேல்பாதைகளை எடுத்தார். ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கிடந்த விரிவுரை அரங்குகள் தனித்தனிக் கட்டடங்களாக வெளியே தெரிந்தன, அவற்றுக்கு நடுவே வானம் தெரியும் திடல் கிடைத்தது. புல், மரம், தரைமட்டப் பாதை வந்தன. ஏ, பி, சி என்று எழுத்தால் குறிக்கப்படும் அந்த அரங்குகளில் இன்றும் வகுப்பு நடக்கிறது. நூலகமும் வகுப்பறைகளும் கோபுரமும் அப்படியே நின்றன.

கழித்தலுக்கும் ஒரு விலை இருந்தது. நெட்ஷின் கட்டடங்கள் மேல்பாதையை எதிர்பார்த்து எழுந்தவை. இரண்டாம் தளத்தில்தான் பல கட்டடங்களுக்கு முகம். பாதை போனதும் அந்த வாசல்கள் அந்தரத்தில் நின்றன. கொல்லைப்புறமாகவும் ஒதுங்கும் இடமாகவும் இருந்த தரைத்தளம் திடீரென்று தெருமுகப்பாகிவிட்டது. இப்போது போய்ப் பார்த்தாலும் சில கட்டடங்கள் பாதி வாக்கியத்தில் நிறுத்தியது மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான். தரை கிடைத்ததில் இன்னொரு லாபமும் உண்டு. பிற்பாடு கிராண்ட் ஹால், லிங்கன் ஹால் போன்ற தாழ்வான வகுப்பறைக் கட்டடங்களைப் புதுப்பித்தபோது அவற்றைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் மண்ணுக்குள் ஆழமாகக் குழாய் இறக்கிப் பூமியின் வெப்பத்தையே பயன்படுத்தினார்கள். கண்ணாடியை மாற்றி உள்ளே வெளிச்சத்தையும் கூட்டினார்கள். அந்தப் பழைய சட்டகத்துக்குள் நல்ல வகுப்பறை இருந்தது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

நெட்ஷுக்கு இந்த இடிப்பில் உடன்பாடே இல்லை. 2008இல் இறக்கும்வரை அந்த வருத்தம் போகவில்லை என்பார்கள். அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. அதைப் பார்க்கச் சிகாகோவைவிட்டுக் கொலராடோ ஸ்பிரிங்ஸ் போக வேண்டும்.

அங்கே அவர் கட்டிய விமானப்படைத் தேவாலயம், பதினேழு கூர்முனைகள் வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கும் அலுமினியக் கட்டடம், 1962இல் முடிந்தது. அதுவும் முதலிலிருந்தே ஒழுகியது. தகடுகளுக்கு அடியில் மழைநீரைப் பிடித்து வெளியேற்ற அவர் வரைந்திருந்த மடிப்புத் தகடுகளைச் செலவு கருதி விட்டுவிட்டு, மேலே பசையால் இணைப்புகளை அடைத்ததுதான் காரணம். பசை வெயிலில் காய்ந்து விரியும், மறுபடி அடைப்பார்கள், மறுபடி விரியும். ஆனால் அந்தக் கட்டடத்தை இடிக்கலாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. 2019இல் பூட்டினார்கள். கட்டடத்தையே மூடும் அளவுக்கு ஒரு கொட்டகை எழுப்பி, தகடு தகடாகக் கழற்றி, முதலில் விட்டுப்போன மடிப்புத் தகடுகளை இப்போது வைத்துத் திரும்ப மாட்டும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். வருடக்கணக்கில் இழுக்கும், கோடிக்கணக்கான டாலர் விழுங்கும் வேலை.

ஒரே கட்டடக்கலைஞர், ஒரே வியாதி. ஒன்று பார்க்க வருகிறவர்கள் படமெடுத்துக்கொள்ளும் நினைவுச்சின்னம், அதற்கு வைத்தியம் கிடைத்தது. மற்றது ரயிலில் வந்துபோகும் பிள்ளைகளின் மொட்டை மாடி.

ஆனாலும் கேட்டால், காஃபி செய்தது சரி என்றுதான் சொல்வேன். ஒழுகாத முற்றமாக இருந்தாலும் பிப்ரவரியில் அது காலிதான். வருத்தம் வேறு ஒன்றில். பாதைகளை மொத்தமாக எடுத்ததற்குப் பதிலாக, ரயில் நிலையத்திலிருந்து வரும் அந்த ஒரே ஒரு பாதையையாவது, குறைந்தது ஒரு துண்டையாவது விட்டிருக்கலாம். அது இருந்திருந்தால் இரண்டாம் தளத்து வாசல்களுக்கு ஓர் அர்த்தம் மிஞ்சியிருக்கும். மழை பெய்தால் அதன் அடியில் ஒதுங்கி நடக்கவும் உதவியிருக்கும்.

பியோரியா வாசலில் ஏறி வெளியே வருகிறவர்கள் இப்போதும் கிட்டத்தட்ட அதே நேர்கோட்டில்தான் தெற்கே திடலை நோக்கி நடக்கிறார்கள். ஒரு மாடி கீழே, மரங்களுக்கு நடுவில்.